கந்தசாமிமலையில் ஒரு வட்ட வீடு

நூற்றாண்டு மலருக்கு ஒரு கட்டுரை தாருங்கள் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ எழுதுவோம் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். மருத்துவர்களிடம் கேட்டால் அதுதானே கிடைக்கும். அவற்றை எழுத எங்களுக்கு மூத்த அக்காமார் பலர் இருக்கிறார்கள். பள்ளிக்காலத்தில் பாதியில் நின்றுபோன ஒரு வரலாற்றுப் பாடத்தை முடித்துவைக்க இந்தப் பக்கங்களைப் பயன்படுத்திக்கொள்கிறோம்.

1995ஆம் ஆண்டு, பத்தாம் வகுப்பு. வரலாற்று ரீச்சர் ஒரு நூலில் வெண்கட்டியைக் கட்டி, நூலின் மறுமுனையைக் கரும்பலகையின் நடுவில் பெருவிரலால் அழுத்திப் பிடித்து, ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு வட்டங்கள் போட்டார். நடுவிலே தூபி. சுற்றிவரத் தூண்கள். நான்கு திசைக்கும் நான்கு படிக்கட்டுகள். "இதுதான் வட்டதாகே. தூபாராமத்தில தூண் 176, லங்காராமத்தில 88, மெதிரிகிரியவில 68. எழுதிக்கொள்ளுங்கோ." எழுதிக்கொண்டோம். வாய்ப்பாடு போல மனப்பாடமும் செய்தோம். எங்களில் எவரும் அனுராதபுரத்தையோ மெதிரிகிரியவையோ கண்டதில்லை. அந்த ஆண்டுகளில் கல்விச் சுற்றுலா என்றால் கோணேசர் கோயில்வரை வரிசையாக நடந்துபோய் வருவதுதான்.

அப்போது பின்வாங்கிலிருந்து ஒரு தோழி எழுந்து, "ரீச்சர், எங்கட கந்தசாமிமலையிலயும் இப்பிடித் தூண் நிக்குது" என்றாள். அவள் திரியாய்ப் பிள்ளை. 1985இல் ஊர் எரிந்து, 1990இல் எல்லாரும் இடம்பெயர்ந்தபின், நகரத்தில் உறவினர் வீட்டிலிருந்து படித்துக்கொண்டிருந்தாள். ரீச்சர் கொஞ்சநேரம் அவளைப் பார்த்தார். "ஓம் பிள்ளை, இருக்கு. இப்ப அங்க போகேலாதே" என்றார். மணி அடித்துவிட்டது. அடுத்த பாடம் கணிதம்.

திருகோணமலையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீற்றர். பாடப்புத்தகத்தில் நாங்கள் படித்த எல்லா வட்டதாகேக்களிலும் எங்களுக்கு மிக அண்மையில் இருந்தது அதுதான். அதைப் பார்க்க எங்களுக்கு ஏறக்குறைய முப்பது ஆண்டு பிடித்தது.

நூற்றாண்டு விழாவுக்கென்று ரொறன்ரோ, லண்டன், மெல்பேர்ண், ஒஸ்லோ என்று நாலாதிசையிலிருந்தும் வந்த எங்கள் பிரிவினரோடு, ஊரில் இருப்பவர்களும் சேர்ந்து ஒரு வானில் புறப்பட்டோம். உப்புவெளி, நிலாவெளி, இறக்கக்கண்டிப் பாலம், குச்சவெளி. குச்சவெளியில் கடலோரப் பாறையிலும் ஒரு பழைய சமஸ்கிருதக் கல்வெட்டு உண்டு. கட்டுச்சோறு ஆறிவிடும் என்று கத்திய கூட்டத்துக்குப் பயந்து அங்கே இறங்கவில்லை. திரியாய்த் தோழிதான் வழிகாட்டி. ஊருக்குள் திரும்பியதும் அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். நாங்களும் கேட்கவில்லை.

தொல்லியல் திணைக்களப் பலகையில் அந்த இடத்துக்குக் கிரிஹண்டு சேய என்று பெயர். கல்வெட்டில் கிரிகண்டி சைத்தியம். ஊரவர்க்குக் கந்தசாமிமலை. மூன்றும் ஒரே குன்றுதான். அடிவாரத்தில் பழைய மடாலயக் கட்டடங்களின் அத்திவாரங்கள். அங்கிருந்து கற்படிகள் மரநிழலில் மேலே ஏறுகின்றன. ஏறும்போது எதுவும் தெரிவதில்லை. கடைசிப் படியில் தலையை நிமிர்த்தினால் வானம் திறக்கிறது. வட்டமான மேடையும் அதன்மேல் வரிசையாகக் கருங்கற்றூண்களும் நிற்கின்றன. கிழக்கே கடல்.

கட்டடம் எப்படி அமைந்திருக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறோம். ரீச்சர் போட்ட வட்டங்களின் கருத்து எங்களுக்கு விளங்கியது அங்கே காலால் நடந்தபோதுதான்.

வட்டதாகே என்ற சிங்களச் சொல்லில் 'வட்ட' என்பது நமது வட்டமே. 'தா' என்பது தாது, அதாவது புத்தருடையதாகப் போற்றப்படும் உடற்சின்னம். 'கே' என்பது வீடு. தாதுவைப் பொதிந்த தூபிக்கு ஒரு வட்ட வீடு. தூபி இந்தியா முழுவதும் உண்டு; பர்மாவிலும் யாவாவிலும் உண்டு. சிறிய தூபி ஒன்றை நடுவில் வைத்து, அதைச் சுற்றிக் கற்றூண்களை வட்டம் வட்டமாக நாட்டி, அதை ஒரு வீடாக்கும் வழக்கம் இலங்கையில்தான் இவ்வளவு பெரிதாக வளர்ந்தது. திரியாயில் இன்று நிற்கும் அமைப்பு பெரும்பாலும் 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பொலநறுவையின் புகழ்பெற்ற வட்டதாகே இதற்குச் சுமார் நானூறு ஆண்டு பிந்தியது.

முதலில் மேடை. கல்லால் கட்டிய சுற்றுச்சுவர் மண்ணை இறுக்கிப் பிடித்துக் குன்றின் உச்சியை மட்டப்படுத்துகிறது. மேடைக்கு ஏற நான்கு திசைகளிலும் படிகள். படியின் அடியில் அரைவட்டமான சந்திரவட்டக்கல், இருபுறமும் காவற்கற்கள். அதாவது வெளியே உள்ள நிலத்திலிருந்து உள்ளே உள்ள தூய நிலத்துக்குள் வருகிறோம் என்பதைக் காலடியிலேயே சொல்லிவிடுகிறார்கள். மேடைக்கு ஏறியபின் தூண்களின் வட்டம். அவற்றுக்குள்ளே தூபி. தூண்களுக்கும் தூபிக்கும் இடையே கிடக்கும் வெளிதான் இந்த வீட்டின் முக்கியமான அறை. அது நடப்பதற்கான அறை. வலமாகச் சுற்றுவது, மீண்டும் சுற்றுவது. இங்கே செய்யவேண்டிய வேலை அவ்வளவுதான்.

எங்களில் ஒருத்தி, பிறவிக் கத்தோலிக்கப் பெண், அங்கேதான் ஒரு நல்ல கேள்வி கேட்டாள்: "இதுக்கு முன்பக்கம் எது?" அவளுடைய கோவில் நீளமானது. வாசலில் நின்றால் நேரே பீடம் தெரியும். பீடத்தை நோக்கி நடப்பதே வழிபாடு. எங்கள் கோணேசர் கோயிலும் ஒரு வகையில் அப்படித்தான். கோபுரம், மண்டபம், கர்ப்பக்கிருகம் என்று ஒரு நேர்கோடு. சுற்றுவீதி அந்தக் கோட்டைச் சுற்றி வருகிறது. வட்ட வீட்டில் அப்படி ஒரு கோடு கிடையாது. எந்த வாசலால் வந்தாலும் தாது அதே தூரத்தில் இருக்கிறது. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அரசனும் மாட்டுக்காரனும் ஒரே தொலைவில் நிற்கவேண்டும்.

இப்போது ரீச்சரின் எண்களுக்கு வருவோம். மெதிரிகிரியவின் 68 தூண்களும் மூன்று வட்டங்களாக நிற்கின்றன: உள்ளே 16, நடுவே 20, வெளியே 32. லங்காராமத்தின் 88 தூண்களும் அப்படித்தான்: 20, 28, 40. ஒவ்வொன்றையும் நான்கால் வகுத்துப் பாருங்கள். மிச்சம் வராது. தூபாராமத்தின் 176உம் அப்படியே. அந்தக் காலத்துச் சிற்பாசாரி கயிற்றால் வட்டம் போட்டு, முதலில் அதை நான்காக வெட்டி, நான்கு வாசலுக்கும் இடம் விட்டு, பிறகு ஒவ்வொரு கால்வட்டத்துக்கும் சமமாகத் தூண்களைப் பங்கிட்டிருக்கிறான். முப்பது ஆண்டு முன்னர் பரீட்சைக்குப் பாடமாக்கிய எண்களுக்குள் ஒரு கட்டடக்கலைஞனின் கயிறு கிடந்ததை மலைமேல் வெயிலில் நின்று கைத்தொலைபேசியில் கணக்குப் போட்டபோதுதான் கண்டோம். கணிதத்தில் சிறப்புச் சித்தி எடுத்தவள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

தரை அமைப்பில் சண்டை இல்லை. சண்டையெல்லாம் கூரையில்தான்.

இன்று எந்த வட்டதாகேயிலும் பழைய கூரை கிடையாது. பெரும்பாலானவை வெறும் தூண்களாகவே நிற்கின்றன. தொல்லியல் ஆணையாளராக இருந்த பேராசிரியர் பரணவிதான, இவற்றுக்கு மரத்தாலான குவிமாடக் கூரை இருந்தது என்ற கருத்தை முன்வைத்தார். வேறு சிலர், கூரையே இருக்கவில்லை, தூண்கள் கொடியும் மாலையும் விளக்கும் தொங்கவிடத்தான் என்றார்கள். இதை வாசித்தபோது மருத்துவம் படித்த எங்களுக்குப் பழக்கப்பட்ட வேலையாகத் தோன்றியது. எக்ஸ்ரே படத்தில் எலும்பு மட்டும் தெரியும். தசையும் நரம்பும் எங்கே எப்படி ஓடியிருக்கும் என்பதை எலும்பின் வடிவத்திலிருந்து ஊகிக்கவேண்டும். தூண்களும் அப்படித்தான் சாட்சி சொல்கின்றன.

சாட்சி ஒன்று உயரம். தூபாராமத்தில் உள்வட்டத் தூண்கள் 22 அடிக்கு மேல். வெளிவட்டத்தில் 14 அடி அளவுதான். மெதிரிகிரியவிலும் வெளிவட்டம் குட்டை. உள்ளிருந்து வெளியே தாழ்ந்து வரும் தூண்வரிசையைப் பார்த்தால் சாய்ந்து இறங்கும் கூரை தானாகவே மனதில் வருகிறது. மாலை தொங்கவிட எதற்கு இந்தச் சரிவு? அடுத்தது பெயர். வசப மன்னன் தூபாராமத்தில் ஒரு தூபகரம், அதாவது தூபி வீடு, கட்டுவித்ததாக மகாவம்சம் சொல்கிறது. கூரையில்லாத ஒன்றை வீடென்று சொல்வார்களா? மறுதரப்பிலும் நியாயம் இருக்கிறது. தூண்கள் மெலிந்தவை. நடுவில் முட்டுக்கொடுக்கத் தூண் நாட்ட முடியாது, அங்கே தூபி இருக்கிறது. அவ்வளவு அகலத்தை மரத்தால் மூடுவது இலேசான காரியமில்லை.

எங்களுடைய சாய்வு பரணவிதானவின் பக்கம். அதற்குக் காரணம் இலங்கைக்கு வெளியே இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் ஜுன்னாருக்கு அருகே துளஜா குகைகளில், கிறிஸ்துவுக்கு முற்பட்ட ஒரு வட்டச் சைத்தியம் பாறையைக் குடைந்து செய்யப்பட்டிருக்கிறது. நடுவில் தூபி, சுற்றி 12 எண்கோணத் தூண்கள், தூபிக்கு மேலே குவிமாடம். ஆந்திரத்தின் குண்டுபள்ளியில் இன்னொரு வட்டக் குகை. அதன் விதானத்தில் மரக்கைமரங்களைப் போலவே கல்லில் விலாக்கள் செதுக்கியிருக்கிறார்கள். கல்லைக் குடைந்தவன் மரத்தைப் பார்த்துத்தான் அப்படிச் செய்திருப்பான். அவன் பார்த்த மர வீடுகள் உக்கிப் போய்விட்டன. அவற்றின் அச்சு மட்டும் பாறையில் தங்கிவிட்டது. குண்டுபள்ளி கிருஷ்ணா, கோதாவரிக் கழிமுகங்களின் பக்கம். அங்கிருந்து திருகோணமலைக்குக் கடல்வழி ஒன்றும் புதிதல்ல. மரத்துக்கும் இங்கே பஞ்சமில்லை: இந்த மாவட்டத்துக் காட்டு முதிரையும் பாலையும் எவ்வளவு வைரமானவை என்பதை எங்கள் பாட்டன்மார் வீட்டு வளைகளைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

ஒரு சந்தேகம் மட்டும் எங்களை விட்டுப் போகவில்லை. 1964 டிசம்பர் புயலின் கதையைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். கடலைப் பார்த்த குன்றின் உச்சியில் ஒரு மரக்குவிமாடம், மாரிக்கு மாரி வாடைக்காற்றில் எத்தனை ஆண்டு நின்றிருக்கும்? அடிக்கடி பிரித்துக் கட்டியிருப்பார்கள் என்றே நினைக்கிறோம். மடாலயத்துக்கு மாடும் வயலும் தானமாகக் கொடுத்ததாகக் கல்வெட்டுகள் ஏன் ஓயாமல் பேசுகின்றன என்பதும் அப்போது விளங்குகிறது. கூரை என்றால் செலவு.

ஒஸ்லோத் தோழி அங்கேதான் தன் தொலைபேசியில் ஒரு படத்தைத் திறந்து காட்டினாள். பார்த்த உடனே எல்லாரும், "இது மெதிரிகிரியவா?" என்றோம். அது ஆர்மீனியா. யெரெவான் நகருக்கு வெளியே சுவார்ட்நொட்ஸ் என்ற இடத்தில் உள்ள தேவாலயத்தின் இடிபாடு. 7ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஆர்மீனியத் திருச்சபையின் தலைவர் மூன்றாம் நெர்செஸ் காலத்தில் கட்டியது. நமது திரியாயை விட ஒரு நூற்றாண்டு போலத்தான் மூப்பு. வெளிச்சுவர் 32 பக்கங்கள் கொண்டது; தூரத்தில் நின்றால் வட்டமாகவே தெரியும். உள்ளே நான்கு பிறைவடிவ வளைவுகள், அவற்றில் தூண்கள், அவற்றைச் சுற்றி நடைவழி. நடுவெளிக்கு மேலே கல்லாலான குவிமாடம். ஆர்மீனியரைக் கிறிஸ்தவராக்கிய புனித கிரகோரியின் திருப்பண்டங்களுக்காக எழுந்த கோவில். நடுவிலே ஒரு புனிதம், சுற்றி நடப்பதற்கு வழி. முன்னால் கேட்ட கத்தோலிக்கத் தோழி, "அப்ப எங்களிட்டயும் இருந்திருக்கு" என்றாள்.

இருந்திருக்கிறது. வட்டக் கோவில்களின் தாய்வீடு யெரூசலேம். இயேசுவின் கல்லறை என்று போற்றப்பட்ட இடத்தைச் சுற்றி 4ஆம் நூற்றாண்டில் தூண்வட்டம் எழுப்பிக் கூரை போட்டார்கள், சுற்றிவர நடைவழி. அதே நகரத்தில் 691ஆம் ஆண்டளவில் எழுந்த பாறைக் குவிமாடம் என்ற இஸ்லாமியக் கட்டடத்திலும் நடுவில் பாறை, அதைச் சுற்றி 12 தூண்களும் 4 பெருந்தூண்களும், மேலே ஏறத்தாழ 20 மீற்றர் அகலமான குவிமாடம். அந்தக் குவிமாடம் மரத்தாலானது. எனவே, அந்தக் காலத்தில் அவ்வளவு அகலத்தை மரத்தால் மூட முடியாது என்ற வாதம் யெரூசலேமில் நிற்காது. திரியாயில் மட்டும் நிற்கவேண்டுமா? எண்ணிக்கையையும் பாருங்கள், 12உம் 4உம் 16. மீண்டும் நான்கு. ஒருவரை ஒருவர் பார்த்து எழுதினார்கள் என்று சொல்ல வரவில்லை. வட்டத்தை நான்காக வெட்டுவது கயிறு பிடித்த எந்தக் கைக்கும் வரும். புனிதமான ஒன்றை நடுவில் வைத்துச் சுற்றி வருவதும் எந்த மனிதக் கூட்டத்துக்கும் வந்திருக்கிறது.

சுவார்ட்நொட்ஸின் பிற்காலக் கதையிலும் நமக்கு ஒரு பாடம் உண்டு. 10ஆம் நூற்றாண்டில் அது இடிந்து விழுந்து மண்ணுக்குள் போனது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோண்டி எடுத்தபோது கிடைத்தவை தரைப்படமும் விழுந்த கற்களுமே. தோரமானியன் என்ற கட்டடக்கலைஞர் அவற்றைக்கொண்டு, மூன்று அடுக்காக எழுந்து உச்சியில் குவிமாடம் கொண்ட ஒரு கோவிலை வரைந்தார். கற்பனை என்று பலர் சிரித்தார்கள். பின்னர் 1906இல், ஆனி என்ற பழைய தலைநகரில், சுவார்ட்நொட்ஸைப் பார்த்துக் கட்டிய இன்னொரு கோவிலைத் தோண்டியபோது, அதைக் கட்டுவித்த ககிக் மன்னனின் சிலை கிடைத்தது. அவன் கையில் அந்தக் கோவிலின் சிறிய கல்மாதிரி. அடுக்கடுக்காகவே இருந்தது. அப்படிக் கையில் மாதிரியோடு ஒரு சிலை எங்கள் மலையிலிருந்து கிடைக்கவில்லை. குண்டுபள்ளிப் பாறையைத்தான் நாம் நம்பவேண்டியிருக்கிறது.

திரியாயின் பெரிய செல்வம் அதன் பாறைக் கல்வெட்டு. அதன் மொழி சிங்களமும் அல்ல, தமிழும் அல்ல, சமஸ்கிருதம். எழுத்து, பல்லவர் நாட்டில் வழங்கிய கிரந்த வகை. நாம் இன்றும் எழுதும் ஜ, ஷ, ஸ, ஹ எல்லாம் அந்த எழுத்துக் குடும்பத்திலிருந்து வந்தவைதான். கடலோட்டத்தில் தேர்ந்த, வாங்கி விற்பதில் வல்ல வணிகர் கூட்டத்தை அது பேசுகிறது. திரபுஸ்ஸகர், வல்லிகர் என்று இரண்டு பெயர்களை இந்தச் சைத்தியத்தோடு சேர்த்துச் சொல்கிறது. அவலோகிதேசுவரரையும் மஞ்சுசிறீயையும் போற்றுகிறது. ஆகவே இது மகாயானச் சாயல் கொண்ட தலம். கடற்பயணத்தில் ஆபத்து வந்தால் அழைக்கவேண்டிய தெய்வம் அவலோகிதேசுவரர். துறைமுகத்துக்குப் பொருத்தமான கடவுள்தான்.

அந்த இரு வணிகரும் பௌத்த மரபில் பெயர்பெற்றவர்கள். ஞானம் பெற்ற புத்தருக்கு முதல் உணவளித்து, அவரிடமிருந்து கேசதாதுவைப் பெற்றவர்கள் என்பது கதை. அந்தக் கேசத்தைத் தாங்களே கொண்டுவந்ததாகத் திரியாய் சொல்கிறது. யங்கூனில் உள்ள பொற்கோபுரமான சுவேதகோனும் அதையே சொல்கிறது. 7ஆம் நூற்றாண்டில் பயணம் செய்த யுவான் சுவாங், இன்றைய ஆப்கானிஸ்தானில் பால்க் நகரத்தருகே அதே இருவரின் தூபிகள் இருந்ததாக எழுதிவைத்தார். மூவரில் யார் சரி என்று கேட்பதில் பயனில்லை. வணிகர் கரையேறிய இடமெல்லாம் அந்தக் கதையும் கூடவே கரையேறியிருக்கிறது. திரியாயின் துறையும் அப்படி ஒரு கரை.

லண்டனில் இருக்கும் தங்கைமாருக்கு ஒரு வேண்டுகோள். பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குப் போனால் தாரா தேவியின் பொன்முலாமிட்ட வெண்கலச் சிலையைப் பாருங்கள். 143 சென்ரிமீற்றர் உயரம், 8ஆம் நூற்றாண்டு அளவில் வார்த்தது. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் எங்கோ கிடைத்ததென்று பதிவு. தேசாதிபதியாக இருந்த றொபேர்ட் பிரவுன்றிக் கொண்டுபோய், 1830இல் அங்கே கொடுத்தது. வட்ட வீட்டுக் காலத்தில் நமது கரையோரத்தார் வணங்கிய முகம் எப்படி இருந்தது என்று அறிய அதுவே வழி. நமது பாடசாலையில் அதன் படம்கூட நாங்கள் கண்டதில்லை.

இனி, எல்லாருக்கும் மனதில் இருப்பதையும் சொல்லிவிடவேண்டும். திரியாயில் மலையைச் சூழ்ந்த வயல்கள் யாருடையவை, எதுவரை தொல்லியல் நிலம் என்ற வாக்குவாதம் ஓயவில்லை. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்கென ஒரு ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டபோது, அதன் தொடக்க உறுப்பினர்களில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. மூன்று இனத்தாரும் கலந்து வாழும் மாகாணம் இது. அதனால் 'தொல்லியல்' என்ற சொல்லே எங்கள் ஊர்களில் வயிற்றைக் கலக்கும் சொல்லாகிவிட்டது. கல் நட்டால் காணி போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்தைப் பிழை என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. மலையடியில் வயல் உள்ள தோழி எங்கள் பக்கத்தில்தான் நின்றாள்.

ஆனால் பயத்தின் மறுபக்கம் ஒன்று இருக்கிறது. "அது எங்களுடையதில்லை" என்று நாமும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். பெரியகுளத்தருகே வெல்கம் விகாரையை ஊரவர் நாதனார் கோயில் என்றார்கள். சோழர் காலத்தில் அதற்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயரிட்டுப் பசுவும் நந்தாவிளக்கும் தானம் கொடுத்தவர்கள் தமிழில் கல்வெட்டு எழுதியவர்கள். அதை நமது பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? பிரெட்றிக் கோட்டை வாசலால் நடந்து கோயிலுக்குப் போகும்போது, வாசற்கல்லில் உள்ள பாண்டியரின் மீன் இலச்சினையைத் தடவிப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். போர்த்துக்கீசர் 1622இல் இடித்த கோயிலின் கல் அந்தக் கோட்டையில் இருக்கிறது என்று அப்பாமார் சொல்லித் தந்தார்கள். இடிந்ததை வாசிக்க நமக்குத் தெரியும். கந்தசாமிமலைக் கல்லை மட்டும் வாசிக்காமல் விட்டோம். நாம் வாசிக்காத இடத்தில் மற்றவர் வாசிப்பே நிலைத்துவிட்டது. ஒரு கட்டடத்தைப் பற்றிப் பேசவேண்டுமானால் முதலில் அதன் தரைப்படம் தெரியவேண்டும். நோயாளியைத் தொட்டுப் பார்க்காமல் மருந்தெழுதும் வைத்தியரை நீங்களே நம்பமாட்டீர்கள்.

மேலே காவலுக்கு நின்ற சிங்களப் பையன் செருப்பைக் கழற்றச் சொன்னான். கழற்றினோம். மத்தியானக் கல் கொதித்தது. கனடாக்காரிகள் துள்ளித் துள்ளி நடந்தார்கள். அவன் சிரித்துவிட்டு, எந்தப் பக்கம் நிழல் விழுகிறதென்று காட்டினான். நாங்கள் வலமாகச் சுற்றினோம். இரண்டாம் சுற்றில் திரியாய்த் தோழி தூணொன்றின் அடியில் நின்றாள். மாடு தேடி மலையேறினால் அவளுடைய அம்மம்மா அந்தத் தூணடியில் ஒரு கற்பூரத்தைக் கொளுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் இறங்குவாவாம். கிழக்குப் படியில் வந்து நின்று, கையை நீட்டித் தங்கள் வயலையும் அதற்கு அப்பால் பழைய வீட்டு வளவையும் காட்டினாள். எங்களுக்குப் பச்சை மட்டும்தான் தெரிந்தது.

அவளுடைய மகள் இப்போது நமது பாடசாலையில் பத்தாம் வகுப்பு. எங்களோடு வந்திருந்தாள். வரலாற்றுச் செயற்றிட்டத்துக்கென்று ஒரு கொப்பியில் தரைப்படம் வரைந்துகொண்டிருந்தாள். தலைமயிர் கட்டும் றிப்பனைக் கழற்றி, ஒரு முனையை விரலால் அழுத்தி, மறுமுனையில் பென்சிலைக் கட்டி வட்டம் போட்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மேடை, படிகள், தூண்கள், தூபி. எல்லாம் முடிந்ததும் தாயைப் பார்த்து, "அம்மா, கூரையையும் கீறவோ?" என்று கேட்டாள்.

"கீறு," என்றாள் அவள். "ஆனா புள்ளிக்கோட்டில கீறு."